இடுப்பில் கட்டிய துண்டு

சங்கரன்கோவில் தலபுராணமே ஒரு சண்டையில்தான் தொடங்குகிறது. சங்கன், பதுமன் என்று இரண்டு நாகராஜாக்கள். ஒருவன் சிவபக்தன், இன்னொருவன் திருமாலடியான். உன் சாமி பெரிதா, என் சாமி பெரிதா என்று இருவருக்கும் ஓயாத வழக்கு. கோமதி அம்மன் தவமிருந்து, அரியும் அரனும் ஓருடம்பாய் வந்து நின்ற பிறகுதான் வழக்கு அடங்கியது என்பார்கள். ஆடித்தபசுக்கு ஊர் கொள்ளாமல் கூடும் கூட்டம் இன்றும் அந்தக் காட்சிக்குத்தான் காத்து நிற்கிறது.

‘யார் பெரியவன்’ என்ற வழக்கு கிறிஸ்தவ வேதத்திலும் உண்டு. ஆனால் அங்கே மோதிக்கொள்கிறவர்கள் சீடர்களேதான், அதுவும் தங்களைப் பற்றியே. மாற்கு நற்செய்தியில் போகிற வழியெல்லாம் வாக்குவாதம். வீட்டுக்கு வந்ததும், என்ன பேசிக்கொண்டு வந்தீர்கள் என்று இயேசு கேட்கிறார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு யாக்கோபும் யோவானும் வலப்பக்கம் ஒரு நாற்காலி, இடப்பக்கம் ஒரு நாற்காலி என்று முன்பதிவு செய்யப் பார்க்கிறார்கள். மத்தேயு இந்தச் சிபாரிசை அவர்களுடைய தாயார் வாயில் வைக்கிறார். மற்றப் பத்துப் பேருக்கும் கோபம் வருகிறது. கேட்டதற்காகவா, தங்களுக்கு முந்திக் கேட்டுவிட்டார்களே என்பதற்காகவா என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. லூக்கா சொல்வது இன்னும் மோசம்: கடைசி இராப்போசனப் பந்தியிலேயே இந்தச் சண்டை நடக்கிறது.

இயேசுவின் பதிலைச் சுருக்கினால் இதுதான். ஊராள்கிறவர்கள் அதிகாரம் செலுத்துவார்கள், உங்களுக்குள் அந்த முறை வேண்டாம். பெரியவனாக விரும்புகிறவன் ஊழியனாகட்டும், முதல்வனாக விரும்புகிறவன் எல்லாருக்கும் அடிமையாகட்டும். தானும் ஊழியம் வாங்க வரவில்லை, செய்யவே வந்ததாகச் சொல்கிறார். யோவான் நற்செய்தி அதைச் செய்கையாகவே காட்டுகிறது. பந்தியிலிருந்து எழுந்து, மேலாடையைக் கழற்றி வைத்து, ஒரு துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, பாத்திரத்தில் தண்ணீர் வார்த்துச் சீடர்களின் காலைக் கழுவுகிறார். பேதுரு ஒப்பவில்லை. குரு தன் காலைத் தொடுவதா? நம்மில் யாராக இருந்தாலும் அப்படித்தான் காலை இழுத்துக்கொண்டிருப்போம்.

அந்தத் துண்டு திருநெல்வேலிச் சீமையில் என்ன பொருள்படும் என்பதைக் கவனிக்காமல் இந்தக் கேள்வியை நாம் பேச முடியாது. தோளில் துண்டு போடுவது இங்கே வெறும் உடுப்புச் சமாசாரமாக இருந்ததில்லை. யார் தோளில் போடலாம், யார் பண்ணையாரைக் கண்டதும் எடுத்து இடுப்பில் கட்ட வேண்டும் அல்லது கக்கத்தில் இடுக்க வேண்டும் என்று ஊர் வகுத்திருந்தது. துண்டு இறங்கும் இடத்தில் மரியாதை இறங்கியது. அதை மீறித் தோளில் போட்டதற்காக அடி வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் நம்மோடு பேருந்தில் வருகிறார்கள். இந்த மண்ணில் உட்கார்ந்து யோவான் 13-ஆம் அதிகாரத்தைக் கேட்கிறவன் காதில், ஆண்டவர் துண்டை இடுப்பில் கட்டினார் என்பது உவமையாக விழாது. ஊர் யாரை அப்படி நிறுத்தி வைத்ததோ, அவன் நின்ற கோலத்தில் ஆண்டவர் நிற்கிறார் என்றுதான் விழும்.

எனவே இரண்டு விதமான கேட்போர் உண்டு. துண்டைத் தோளில் போடப் பாத்தியதை உள்ளவனுக்கு, இறக்கிக் கட்டு என்பது கட்டளை. பிறந்ததிலிருந்தே இறக்கிக் கட்டச் சொல்லப்பட்டவனிடம் அதையே உபதேசிப்பது, பண்ணையார் ஏற்கெனவே சொன்னதைத் திரும்பச் சொல்வதுதான். இந்த வேறுபாட்டை மறந்த இடத்திலெல்லாம் ‘தாழ்மையான ஊழியம்’ என்ற பேச்சு கெட்டுப்போனது, நினைவில் வைத்த இடத்தில் அது உயிரோடு இருந்தது என்பது என் கட்சி.

தாழ்மையைத் தமிழர்களுக்குக் கிறிஸ்தவம்தான் சொல்லிக்கொடுத்தது என்று மேடையில் முழங்குகிறவர்கள் உண்டு. அது சரியல்ல. வள்ளுவர் ‘பெருமை’ அதிகாரத்திலேயே பணிவைப் பெருமையின் அடையாளமாக வைத்துவிட்டார். பெரிய புராணத்துக்குச் சேக்கிழார் இட்ட பெயரே திருத்தொண்டர் புராணம்தான். அப்பர் கையில் செங்கோல் இல்லை, கோயில் பிராகாரத்தில் புல் செதுக்கும் உழவாரப் படைதான். திருப்பூந்துருத்தியில் தம்மைவிட மிக இளையவரான சம்பந்தரின் பல்லக்கைக் கூட்டத்தோடு கூட்டமாய்த் தோள்கொடுத்துச் சுமந்தவர் அவர். விவரம் தெரிந்ததும் சம்பந்தர் பதறிக் கீழே குதிக்கிறார். பேதுருவின் பதற்றம்தான். வேறுபாடு எங்கே என்றால், பக்தி மரபில் தொண்டு பெரும்பாலும் அடியாருக்கு, இறைவனுக்கு உரியவருக்குச் செல்கிறது. யோவான் காட்டும் பந்தியில் யூதாஸும் உட்கார்ந்திருக்கிறான். காட்டிக்கொடுக்கப் போகிறவனின் காலும் கழுவப்படுகிறது. தகுதி பார்க்காத ஊழியம் என்ற அந்த ஒரு இழை தனித்துத் தெரிகிறது. மற்றபடி இரண்டு மரபும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளும்.

உலகத் திருச்சபை இந்தப் போதனையை என்ன செய்தது என்பதை அதிகம் நீட்ட வேண்டாம். ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் போப்பான முதலாம் கிரகோரி, தம்மை இறைவனின் ஊழியர்களுக்கு ஊழியன் என்று எழுதிக்கொண்டார். அந்தப் பட்டம் இன்றும் போப்புகளுக்கு உண்டு. அதே பட்டத்தோடு 1978 வரை அவர்களை ஆட்கள் தோளில் நாற்காலி வைத்துச் சுமந்தார்கள். பல்லக்கைச் சுமந்தவர் ஒரு மரபில் துறவி, பல்லக்கில் ஏறியவர் இன்னொரு மரபில் துறவி. சிரிப்புத்தான் வருகிறது.

நம் பகுதிக்கு வருவோம். சங்கரன்கோவில், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களை மிஷனரிகள் வடதிருநெல்வேலி என்பார்கள். 1854-இல் இங்கே கூடாரம் போட்டு ஊர் ஊராகச் சுற்றத் தொடங்கியவர் தாமஸ் ராக்லண்ட். கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்று, அங்கேயே கல்லூரி ஃபெலோவாக இருந்தவர். பிறகு சென்னையில் சர்ச் மிஷனரி சங்கத்தின் செயலாளர். அந்த நாற்காலியை விட்டுவிட்டுக் கரிசல் வெயிலில் அலைந்து, 1858-இல் சிவகாசியில் இறந்தார். பெரியவர் குனிந்த கதை, அழகாகவே இருக்கிறது. ஆனால் அவரோடு சுற்ற, தெற்கத்திச் சபைகள் தங்கள் செலவில் முறைவைத்து அனுப்பிய தமிழ் உபதேசியார்கள் இருந்தார்கள். ராக்லண்டுக்கு வாழ்க்கை வரலாறு இருக்கிறது. அவர்களுக்கு இல்லை. 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப்போன ஹோவர்ட் சாமர்வெல், நெய்யூர் ஆஸ்பத்திரியில் வந்து பல வருஷங்களைக் கழித்ததையும் நாம் இப்படித்தான் சொல்லிச் சொல்லி மகிழ்கிறோம். குனிவதற்கு உயரம் உள்ளவர்களின் கதைதான் எடுபடுகிறது. முதலிலிருந்தே தரையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள் கதையாவதில்லை.

ராக்லண்டின் வரலாற்றை எழுதியவர் ஏமி கார்மைக்கேல். அவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். களக்காட்டுக்குப் பக்கத்திலுள்ள டோனாவூருக்கு 1901-இல் வந்தவர். அதுவரை பெண்கள் குழு ஒன்றோடு மாட்டுவண்டியில் கிராமம் கிராமமாகப் போய்ப் பிரசங்கித்தவர். கோயிலுக்குப் பொட்டுக்கட்ட இருந்த சிறுமி ஒருத்தி அவரிடம் ஓடிவந்தாள். பின்னாலேயே கைக்குழந்தைகள் வந்தன. மாட்டுவண்டிப் பயணம் நின்றது. பால் கரைப்பது, பீத்துணி அலசுவது, இரவெல்லாம் காய்ச்சலில் அழும் பிள்ளையைத் தோளில் போட்டு நடப்பது என்றானது நாள். பிரசங்க ஊழியத்தை விட்டுவிட்டு ஆயா வேலையா என்ற முணுமுணுப்பும் எழுந்தது. பிள்ளைகள் தாயின் காலைக் கட்டிப்போடும் என்ற நம் பேச்சு வழக்கை அவர் எழுத்தில் எடுத்தாண்டார். துண்டைக் கட்டிக் கால் கழுவிய ஆண்டவருக்கு இது சின்ன வேலையாகத் தெரியுமா என்று தம்மையே கேட்டுக்கொண்டார்.

ஆனால் அந்தப் பீத்துணியை அலசுவதில் உண்மையான சோதனை ஏமிக்கு வரவில்லை. வெள்ளைக்காரி எதைச் செய்தாலும் அவள் துரைசானிதான். அசூயை பார்க்காமல் அதைச் செய்வது தமிழ்ப் பெண்களுக்குத்தான் பெரிய தாண்டல், ஏனென்றால் இங்கே வேலைக்குச் சாதி உண்டு. அந்தத் தாண்டலைச் செய்தவர் பொன்னம்மாள் என்ற விதவை. நெய்யூர் ஆஸ்பத்திரியை ஒட்டிக் கைக்குழந்தைகளுக்கென ஒரு வீடு ஏற்படுத்தியபோது பொறுப்பு அவரிடம் வந்தது. யாரும் தொடத் தயங்கிய வேலையை அவரே பேசாமல் எடுத்துச் செய்தார். உத்தரவால் நடக்காதது, பார்த்துப் பழகியதால் நடந்தது. 1915-இல் புற்றுநோயால் இறந்தார். டோனாவூரின் கதையில் அவரை ஏமிக்குத் துணை என்று வைப்பது வழக்கம். நான் திருப்பி வைப்பேன்.

டோனாவூரில் பட்டங்களும் உறவுப் பெயர்களாயின. வேலைசெய்த தமிழ்ப் பெண்கள் அக்கா, வெளிநாட்டுப் பெண்கள் சித்தி, ஆண்கள் அண்ணாச்சி, ஏமி எல்லாருக்கும் அம்மா. திருப்பத்தூரில் 1921-இல் கிறிஸ்துகுல ஆசிரமம் தொடங்கிய இரண்டு டாக்டர்களையும், தமிழரான சவரிராயன் ஏசுதாசனைப் பெரியண்ணன், ஸ்காட்லாந்துக்காரரான ஃபாரஸ்டர் பேட்டனைச் சின்னண்ணன் என்றார்கள். காலனி ஆட்சி நடந்த காலத்தில் வெள்ளைக்காரர் சின்னவர் ஆனது லேசான காரியமல்ல. உறவுப் பெயரால் ஏற்றத்தாழ்வு ஒழிந்துவிடாது, அதுவும் உண்மை. அம்மா சொன்னதை மறுத்துப் பேசுவது அதிகாரி சொன்னதை மறுப்பதைவிடக் கஷ்டம். 1931-இல் விழுந்து அடிபட்ட ஏமி, 1951-இல் இறக்கும்வரை இருபது வருஷம் படுக்கை அறையிலிருந்தே அந்த நிறுவனத்தை நடத்தினார் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கல்லறைக் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மரத்தடியில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்திருக்கிறார்கள். அந்த ஊருக்கோ, பணம் கொடுத்த ஜெர்மானியப் பிரபு டோனாவின் பெயர் நிலைத்துவிட்டது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, ஊழியம் வாங்க வரவில்லை, செய்ய வந்தேன் என்ற அந்த நற்செய்தி வாக்கையே தன் முத்திரையில் வைத்திருக்கிறது. ஐடா ஸ்கடர் 1900-இல் ஒரு சின்ன அறையில் தொடங்கியது. முத்திரை வாக்கியம் எந்தக் கல்லூரிக்கும் இருக்கும். அதை வேலூரில் நான் தேடுவது தொழுநோயாளிகளின் செருப்பில்.

1946-இல் அங்கே வந்த பால் பிராண்ட் என்ற எலும்பு அறுவை மருத்துவர் ஒன்றைக் கண்டுபிடித்தார். தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை. நரம்பு செத்து வலி தெரியாமல் போவதால், முள் ஏறினாலும் சூடு பட்டாலும் நோயாளி அதே காலை ஊன்றி நடக்கிறார். புண் ஆழமாகிறது. அப்படியானால் அறுவை மட்டும் போதாது, காலைக் காப்பாற்றும் செருப்பு வேண்டும். டாக்டர்கள் செருப்புத் தைப்பதைப் பற்றி உட்கார்ந்து யோசித்தார்கள். உள்ளே மிருதுவான நுண்துளை ரப்பர், அடியில் முள் ஏறாத கெட்டி ரப்பர். ஆணி கூடாது, தேய்ந்து வெளியே வந்தால் குத்துவது தெரியாது. பின்பக்கம் வார் வேண்டும், உணர்ச்சியற்ற காலிலிருந்து செருப்பு கழன்று போனாலும் தெரியாது. வேலூரை அடுத்த கரிகிரியில் இந்தச் செருப்புக்குத் தனிப் பட்டறையே நடந்தது. அதோடு தினசரி ஒழுங்கு ஒன்று. வியர்வை வற்றி வெடிக்கும் பாதத்தைத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும், காய்த்த தோலைச் சொரசொரப்பான கல்லால் தேய்க்க வேண்டும், ஈரம் காய்வதற்குள் எண்ணெய் தடவ வேண்டும், விரல் இடுக்கெல்லாம் காயம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முடிவில் நோயாளியே தன் காலைப் பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொள்வார். பெரிய வியாழன் அன்று வருஷத்துக்கொரு முறை நடக்கும் பாதம் கழுவும் சடங்கு, இங்கே வைத்தியமாகத் தினமும் நடந்தது. தோலையும் செருப்பையும் தீட்டு என்று ஒதுக்கிய சமூகத்தில் சர்ஜனும் செருப்புத் தைப்பவரும் ஒரே மேசையில் ஒரே காலின் அளவைப் பார்த்துப் பேசியதுதான் எனக்கு முக்கியம்.

செவிலியர் வேலையின் கதையும் இதுவே. அந்நியன் உடம்பைத் தொடுவதும் மலசலம் எடுப்பதும் குடும்பப் பெண்ணுக்கு ஆகாது என்று நாடு நினைத்திருந்த காலத்தில், கிறிஸ்தவப் பெண்களே பெரும்பகுதி அந்த வேலைக்கு வந்தார்கள். 1946-இலேயே வேலூர் அதைப் பட்டப்படிப்பாக்கியது. ஏவலாக இருந்ததைப் படிப்பாக, தொழிலாக உயர்த்தியதை நான் பெரிதாக நினைக்கிறேன். தாழ்ந்த வேலையைப் பெரியவர்கள் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போவது ஒன்று, அந்த வேலையே தலைநிமிர்வது வேறு.

இனி மறுபக்கம். தெற்கே வடக்கன்குளத்தில் 1870-களில் கட்டிய கத்தோலிக்க ஆலயத்தைக் கால்சட்டைக் கோயில் என்று கேலி செய்வார்கள். பீடம் ஒன்று, அதிலிருந்து இரண்டு நீண்ட மண்டபங்கள் கால்சட்டையின் இரண்டு கால்கள் போலப் பிரிகின்றன. ஒன்றில் வேளாளர், இன்னொன்றில் நாடார்களும் பிறரும், நடுவில் சுவர். சாமியார் இரண்டு பக்கத்துக்கும் ஒரே நேரத்தில் தெரிவார், சனங்கள் ஒருவரையொருவர் பார்க்க வேண்டியதில்லை. கால் கழுவிய ஆண்டவரின் பந்தியை இதற்கு மேல் நுணுக்கமாக மறுக்க எந்தக் கொத்தனாராலும் முடியாது. 1910-இல் கௌசானல் சுவாமிகள் சுவரை இடித்தார். உரிமை போயிற்று என்று வழக்குப் போட்டவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். புராட்டஸ்டண்டுகள் சிரிக்க வேண்டாம். தஞ்சாவூர்ச் சபைகளில் தனித்தனியாக உட்காருவதை ஒழிக்கச் சொல்லி 1833-இல் பிஷப் டேனியல் வில்சன் கடிதம் எழுத வேண்டியிருந்தது. அதைக் கேட்டுச் சபையைவிட்டே போனவர்கள் பலர். வேதநாயக சாஸ்திரியாரைப் போன்ற பெருங்கவிஞரே சாதி வழக்கத்தை விட மறுத்தவர்களின் பக்கம் நின்றார். ஏழைக்குக் கஞ்சி ஊற்ற எல்லாரும் தயார், அவனோடு உட்கார்ந்து குடிப்பதில்தான் சிக்கல்.

அதையே வெள்ளைக்காரர்களின் முகத்துக்கு நேரே சொன்னவர் நம் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் அசரியா. 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1910-இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில், நீங்கள் செய்த தியாகத்துக்கு நன்றி, இனி எங்களோடு நட்பாயிருங்கள் என்ற பொருளில் பேசினார். கூட்டம் நெளிந்தது. சேவை செய்கிறவன் எப்போதும் மேலே நின்றே கொடுக்கலாம், நண்பன் அப்படி நிற்க முடியாது. இரண்டு வருஷம் கழித்து அவர் தோர்ணக்கல்லில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பிஷப்பானார்.

அப்படியானால், ஏற்கெனவே கீழே தள்ளப்பட்டவர்களுக்கு இந்தப் போதனை என்ன சொல்கிறது? நீட்சே 1887-இல் தாழ்மையை அடிமைகளின் அறம் என்று ஏளனம் செய்தார். அவர் தென்திருவிதாங்கூரைப் பார்த்ததில்லை. அங்கே 1822-லிருந்து 1859 வரை விட்டுவிட்டு நடந்தது தோள்சீலைக் கலகம். மிஷன் பள்ளிகளுக்குப் போன நாடார்ப் பெண்கள் மேலாடை அணிந்தார்கள், சந்தையில் வைத்து அதைக் கிழித்தார்கள். தாழ்மையைப் பிரசங்கித்த அதே மீட் முதலான மிஷனரிகள், பொறுத்துப்போங்கள் என்று அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை, நீதிமன்றத்தில் அவர்களுக்காக நின்றார்கள். 1859-இல் அரசாணை வந்தது, அதுவும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. துண்டை இறக்கச் சொன்ன அதே சுவிசேஷம்தான் சீலையை ஏற்றச் சொன்னது. அந்தப் பெண்களுக்கு இதில் முரண்பாடு எதுவும் தெரியவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் தலித் இறையியலாளர்கள் இதை இன்னும் கூர்மையாக்கினார்கள். அரவிந்த் நிர்மல், கடவுளே ஏவலாளாக, துப்புரவாளராக இருக்கிறார் என்றார். ஏவலைப் புனிதமாக்கி அப்படியே வைத்திருக்க இது வழியாகிவிடாதா என்று கேட்டவர்களும் உண்டு, எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. கோலார் தங்கவயலில் துப்புரவுத் தொழிலாளரின் வீட்டில் பிறந்து, 2016-இல் மகசேசே விருது பெற்ற பெசவாடா வில்சன், மலம் அள்ளுவதை யாரும் சேவை என்று மெச்ச வேண்டாம், அந்த வேலையையே ஒழியுங்கள் என்கிறார். என் வாசிப்பில் வேதத்துக்கு அதிக விசுவாசமான பதில் இதுதான். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியின் தியோபிலஸ் அப்பாவு, அவரைப் பரட்டை அண்ணன் என்பார்கள், வேறு வழியில் போனார். ஒரே உலையில் பொங்கி, எல்லாரும் சேர்ந்து தின்பதைத் திருவிருந்தின் மையமாக வைத்தார். அவர் மெட்டுகள் நாட்டுப்புற மெட்டுகள்.

அந்த உலை நம் பக்கத்துச் சபைகளில் அசனம் என்ற பெயரில் கொதிக்கிறது. பிரதிஷ்டைப் பண்டிகையில் அண்டா அண்டாவாகச் சோறு, ஊரே பந்தி. யார் வந்தாலும் இலை உண்டு. வெளியூரில் நல்ல வேலையில் இருக்கிறவர் வேட்டியை மடித்துக் கட்டிக் குழம்பு வாளியோடு ஓடுவதைப் பார்க்கலாம். ஆனால் பரிமாறத் தயங்காதவர்கள் எச்சில் இலை எடுக்கக் கூலிக்கு ஆள் பிடிக்கிறார்கள். அந்த ஆள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று சொல்ல வேண்டியதில்லை.

நிர்வாகத்தில் நிலைமை இன்னும் மோசம். தென்னிந்தியத் திருச்சபையின் தேர்தல் வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போய்விட்டன. ஊழியர்களின் ஊழியருக்கு வரவேற்புப் பதாகை வைப்பதில் ஊர்களுக்குள் போட்டி. சேவை என்ற பெயரைச் சொல்லி ஆசிரியைக்கும் செவிலிக்கும் குறைந்த சம்பளம் கொடுக்கும் கிறிஸ்தவ நிறுவனங்கள் பல. சேவை யாரிடம் கேட்கப்படுகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் மேசைக்கு இந்தப்பக்கம் நிற்பவரிடம்தான். தாளாளர் தன் காரை விட்டதாகக் கேள்விப்பட்டதில்லை.

பெரிய வியாழன் சடங்கிலும் பன்னிரண்டு பேரை யார் தேர்ந்தெடுப்பது என்பதில் அரசியல் உண்டு. 2013-இல் போப் பிரான்சிஸ் ரோம் நகரின் சிறார் சிறைக்குப் போய், ஒரு முஸ்லிம் பெண் உட்படப் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவினார். 2016-இல் பெண்களையும் சேர்க்கலாம் என்று விதியே மாறியது. நம் பங்குகள் பலவற்றில் இன்னும் பன்னிரண்டும் ஆண்களே, அதிலும் கமிட்டிக்காரர்கள் முன்வரிசையில். வெள்ளை வேட்டியோடு, வீட்டிலேயே ஒருமுறை நன்றாகக் காலைக் கழுவிக்கொண்டுதான் வருகிறார்கள்.